அலமாரிக்குள் போன மீசை

எங்கள் தெருவில் மீசை வைத்த ஆண் ஒருவர்கூடக் கிடையாது. பக்கத்துத் தெருப் பூனை இந்தப் பக்கம் வந்தால் முகத்தைச் சுவரோரமாகத் திருப்பிக்கொண்டுதான் நடக்கும். எல்லாம் முனைக் கடை சலூன்காரரின் கைங்கரியம். பெற்றவர்கள் அவருக்கு என்ன பெயர் வைத்தார்களோ, தெரு கூப்பிடுவது 'அலமாரி' என்று.

அவரிடம் இருப்பது ஒரு நாற்காலி, ஒரு கதை. ஜன்னல் வழியாக ஒரு திருடன் வீட்டுக்குள் நுழைகிறான். வீட்டுக்காரர்கள் திரும்பி வந்துவிட, அலமாரிக்குள் ஒளிகிறான். அந்த அலமாரி அன்றைக்கென்று விலை போயிருக்கிறது. நாலு பேர் வந்து தூக்குகிறார்கள். படியில் அவர்கள் திணறும்போது உள்ளேயிருந்து, "கொஞ்சம் இடது பக்கம் சாய்ங்கப்பா" என்று திருடனே யோசனை சொல்கிறான். கடைசியில் அலமாரி போய் இறங்குவது ஓர் இன்ஸ்பெக்டர் வீட்டில். அவர் கதவைத் திறக்கிறார். திருடன் தன் சட்டையையே கழற்றி மடித்து நீட்டி, "ஐயா, இன்னைக்கு இதைப் போட்டுக்கறீங்களா?" என்கிறான்.

அவ்வளவுதான் கதை. இதைக் கேட்கத்தான் தெருவே வரிசையில் உட்கார்ந்திருக்கும். முகத்தில் முடி முளைக்காதவர்கள்கூட வருவார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு சூட்சுமம். அவருடைய கைக்குத் தனியாக மூளை கிடையாது. கதைதான் அதை நடத்தும். திருடன் நுழைந்தால் நுரை. வீட்டுக்காரர் வந்தால் கன்னம். அலமாரிக் கதவு 'டப்' என்று சாத்திக்கொண்டால் மேலுதடு, ஒரே இழுப்பு. படியில் இறங்கினால் கழுத்து. சட்டையை நீட்டினால் துண்டு. எங்கள் தெரு மீசை இழந்த வரலாறு இதுவே.

இப்படிப்பட்டவருடைய கடைக்கு ஒருநாள் அவர் மனைவியின் அண்ணன் வந்து சேர்ந்தார். பெரிய ஹோட்டல் வாசலில் சல்யூட் அடித்து ஓய்வு பெற்றவர். அவர்தான் ஓய்வு பெற்றாரே தவிர அவருடைய மீசை ஓய்வு பெறவில்லை. இரண்டு காதுகளுக்கும் சேதி சொல்லிக்கொண்டிருந்தது. தங்கை கல்யாணப் படத்தில் அந்த மீசையின் ஒரு பாதியைப் படக்காரர் சட்டத்துக்கு வெளியே விட்டுவிட்டார். அன்றைக்குப் போனவர் அப்புறம் இந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. இப்போது தங்கையே போய்க் கெஞ்சி, ஒருவேளைச் சாப்பாட்டுக்கு அழைத்து வந்திருந்தாள். இதுவும் கெட்டால் அண்ணன் உறவு அத்தோடு முடிந்தது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

கடைக்கு மேலேதான் வீடு. சமையல் ஆகும்வரை சவரம் செய்துகொள்ளட்டும் என்று அண்ணனைக் கீழே உட்கார வைத்தவள், கணவரைக் கதவோரமாக இழுத்துப் போனாள்.

"இதோ பாருங்க, எங்கண்ணன் பத்து தேசத்து ஆளுங்களைப் பார்த்தவரு. அந்த அலமாரிக் கதையைத் தூக்கிட்டு வந்தீங்க, அவ்வளவுதான். புதுசா ஏதாவது சொல்லுங்க."

"புதுசுக்கு நான் எங்கடி போவேன்?"

"வாயில வர்றதைச் சொல்லுங்க. அதுல என்ன குறைச்சல் உங்களுக்கு?"

மச்சான் நாற்காலியில் சாய்ந்தார். "கன்னம் மட்டும்தான் மாப்பிள்ளை. மீசைப் பக்கம் மூச்சு விடறதா இருந்தாலும் பார்த்து விடு."

சலூன்காரர் தொண்டையைச் செருமினார். "ஒரு ஊர்ல... ஒரு யானை."

காத்திருந்த தையல்காரரும் தபால்காரரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யானையா?

"அந்த யானை ஒரு ஆபீசுக்குப் போச்சு. அங்க லிஃப்ட் இருந்துச்சு. ஏறிடுச்சு."

"ம்... அப்புறம்?" என்றார் மச்சான்.

அப்புறம் என்ன என்று சொல்பவருக்கே தெரியாது. யானை எந்த மாடிக்குப் போகிறது, யாரைப் பார்க்கப் போகிறது? கண்கள் கூரையில் யானையைத் தேட, வாய் மட்டும் சொல்லிற்று: "லிஃப்ட் கதவு டப்புனு சாத்திச்சு..."

கைக்கு லிஃப்ட் என்ன, அலமாரி என்ன? கதவு சாத்தியாயிற்று. மேலுதடு. இழுத்துவிட்டது.

மச்சான் போட்ட அலறலில் கத்தி பாதி வழியில் நின்றது. ஒரு பாதி மீசை மடியில் கிடந்தது.

"அன்னைக்குப் படத்துல பாதியை வெட்டினீங்க. இன்னைக்கு நேர்லயே வெட்டிட்டீங்களா! குடும்பமா உட்கார்ந்து திட்டம் போட்டீங்களாடா?"

துண்டால் வாயை மூடிக்கொண்டு வாசல்வரை போனார். தெருவைப் பார்த்தார். அரை மீசையோடு எங்கே போவது? திரும்பி வந்து உட்கார்ந்தார். சலூன்காரர் கத்தியை எடுத்ததும் துள்ளி எழுந்தார்.

"கிட்ட வராதே! அடுத்து என்ன பண்ணுவேன்னு உனக்கே தெரியல!"

தையல்காரர் எழுந்து வந்தார். "ஐயா, தப்பு அவர் மேல இல்ல. கழுத்துல கத்தி இருக்கும்போது அடுத்தது என்னன்னு தெரியாத கதையை எவனாவது கேட்பானா? யோவ் அலமாரி, நம்ம கதையைச் சொல்லுய்யா."

"அவ வேணாம்னு..."

"சொல்லுங்கறேன்ல!"

திருடன் ஜன்னலில் ஏறினான். மச்சான் மறுபடி உட்கார்ந்து நாற்காலிப் பிடியை இறுகப் பற்றிக்கொண்டார்.

"பயப்படாதீங்க, இப்ப வீட்டுக்காரர் வருவார், கன்னத்தைக் காட்டுங்க" என்றார் தபால்காரர். "இதோ கதவு சாத்தப் போகுது. உதட்டை இறுக்கிக்கோங்க. டப்! ஆச்சு. இனிமே படிதான், தாடையைத் தூக்குங்க."

படியில் அலமாரி சாய்ந்தபோது மச்சானின் கை பிடியை விட்டது. கண்கள் தாமாக மூடிக்கொண்டன. திருடன் சட்டையை நீட்டியபோது வயிறு முதலில் குலுங்கிற்று, பிறகு நாற்காலி, பிறகு கடை. மேலே ஏதோ பாத்திரம் உருண்டதாகக்கூடச் சொன்னார்கள்.

"இன்னொரு தரம் சொல்லு மாப்பிள்ளை."

"சொல்லலாம் மச்சான். மழிக்க முகத்துல ஒண்ணும் மிச்சமில்லையே!"

"தலை இருக்குல்ல?"

மாடிக்கு வந்த மொட்டைத் தலையைப் பார்த்து, "யாருங்க வேணும்?" என்று கேட்டாள் தங்கை. "சாப்பாடு வேணும்" என்ற குரலைக் கேட்டதும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கணவரை முறைத்தாள். அண்ணனோ சப்பணமிட்டு உட்கார்ந்து, முதல் கவளத்துக்கு முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"உனக்கு ஒரு கதை சொல்றேன் கேளு. ஒரு திருடன் கதவைத் திறந்து..."

"கதவா?" கரண்டியும் கையுமாக அவள் நின்றாள். "ஜன்னல் வழியா வரணும்ணே. ஒழுங்கா முதல்லேருந்து சொல்லுங்க."

"சரிம்மா" என்று அவர் தட்டை நீட்டினார். "ஜன்னல்."