கைபிடிக்க வந்த சாத்தான்குளத்து அண்ணாச்சி

போன வாரம் பல் சுத்தம் செய்யப் போயிருந்தேன். பளபளவென்ற இடம், எலுமிச்சை வாசனை. வரவேற்பில் இருந்த பெண் ஒரு பலகைக் கணினியை நீட்டி, "உங்க பயத்துக்குப் பத்துக்கு எத்தனை மார்க் போடுவீங்க மேடம்?" என்றாள். சிரிப்பை அடக்க முடியவில்லை. பயத்துக்கு மார்க் போடுவதென்றால் நான் எழுபது மார்க்கிலிருந்துதான் தொடங்கவேண்டும். அவ்வளவு பயங்களைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு பல் மருத்துவமனையில் எனக்கு வேலை. டாக்டர், ஒரு நாற்காலி, நான். அவ்வளவுதான் மருத்துவமனை. மாடியில் இருந்தது. கீழே மோட்டார் சைக்கிள் பட்டறை. கிராம்புத் தைலத்தின் வாசனையோடு கிரீஸ் வாசனையும் கலந்து படியேறி வரும். வாசனை போகட்டும், சத்தத்தை என்ன செய்வது? கீழே மெக்கானிக் ஒரு போல்ட்டைச் சுத்தியலால் அடித்தால், மேலே காத்திருப்பவர்கள் அது உள்ளே ஒருவர் வாய்க்குள் நடப்பதாக நினைத்துக்கொள்வார்கள். எங்கெங்கோ இருந்து பஸ் ஏறி வந்தவர்களுக்கு, பெஞ்சில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் வலி அறவே நின்றுவிடும். "இப்போ தேவலாம்மா" என்று எழுந்துவிடுவார்கள். கருவிகளைக் கொதிக்கவைப்பது, பெயர் கூப்பிடுவது என்று சொல்லித்தான் என்னை வேலைக்கு எடுத்தார்கள். ஆனால் என் ஸ்டூல் மாடிப்படிக்குக் குறுக்கே போடப்பட்டிருந்தது. உண்மையான வேலை எது என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

என்னைத் தாண்டி ஓடியவர்களில் முதலிடம் பரமசிவ அண்ணாச்சிக்கு. சாத்தான்குளத்தில் கருப்பட்டி வியாபாரம். வாசலை அடைத்து நிற்கும் உடம்பு, முறுக்கிய மீசை. கடைத்தெருவில் அவர் செருமினாலே பேரம் முடிந்துவிடும் என்பார்கள். முதல் தடவை வந்தபோது சுத்தியல் சத்தம் கேட்டுப் பாதியிலேயே இறங்கிவிட்டார். இரண்டாம் தடவை நாற்காலி வரை வந்தார். டாக்டர் அதைச் சாய்த்ததும், "ஏலே, தள்ளுதாம்லே!" என்று அலறிக் குதித்தவர், கழுத்தில் நாங்கள் கட்டிய துண்டோடு பஸ் ஏறி ஊர் போய்ச் சேர்ந்தார். துண்டு வெளுத்து, இஸ்திரி போட்டு, அடுத்த முறை திரும்பி வந்தது. ஒழுக்கமான மனிதர்.

விளையாட்டாகச் சொல்கிறேனே தவிர, டாக்டருக்கு அது விளையாட்டாக இல்லை. கடைவாய்ப் பல்லில் சீழ் வைத்து வீக்கம் தாடைக்குக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. "தொண்டைப் பக்கம் போனா மூச்சு விட முடியாது அண்ணாச்சி. மாத்திரையை வச்சு எத்தனை நாள் ஓட்டுவீங்க? தை மாசம் மகளுக்குக் கல்யாணம்ங்கிறீங்க" என்று அவர் கெஞ்சியே பார்த்துவிட்டார்.

மூன்றாம் தடவை அண்ணாச்சி தன் மனைவியின் தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்தார். தங்கராசு என்று பெயர். ஒல்லியான, வாய் பேசாத ஆள்.

"டாக்டர், மொதல்ல இவனுக்குப் பிடுங்குங்க. எப்படி இருக்குன்னு நான் பாக்கேன்."

"இவருக்கு எந்தப் பல் வலிக்குது?"

"இவனுக்கு ஒண்ணும் வலிக்கல. உங்களுக்கு எது தோதோ அதப் பிடுங்குங்க."

டாக்டர் தங்கராசைப் பார்த்தார். "அத்தான் சொன்னா சரிதாங்க" என்றான் தங்கராசு.

நல்ல பல்லைப் பிடுங்குவதில்லை என்று டாக்டர் சட்டம் பேசினார். அண்ணாச்சி கேட்கவில்லை. கடைசியில், வாயைத் திறந்து காட்டினால் மட்டும் போதும் என்று உடன்பாடு. தங்கராசு படுத்தான். டாக்டர் விளக்கைத் திருப்பி, கடைவாயில் ஒரு பல்லைத் தட்டிப் பார்த்தார். பிறகு சங்கடத்தோடு, "இருக்கே... உள்ள ஒண்ணு முழுக்கச் சொத்தையா இருக்கே" என்றார். அதுவரை சாதுவாக இருந்த தங்கராசின் முகம் இருண்டது. அண்ணாச்சிக்கோ பெருமை தாளவில்லை. "பாத்தியளா, சும்மாவா கூட்டியாந்தேன்!"

மரத்துப்போக ஊசி போட்டு, டாக்டர் அதை எடுத்தார். தங்கராசு முனகக்கூட இல்லை. ஆனால் பின்னால் தொம்மென்று ஒரு சத்தம். அது பட்டறையிலிருந்து வந்ததல்ல. பார்த்துக்கொண்டிருந்த அண்ணாச்சி மயங்கி விழுந்திருந்தார்.

"டாக்டர், எந்திரிக்கதுக்குள்ள இவருக்கும் எடுத்துருவோமா?" என்று கேட்டேன். கூடாது என்று சொல்ல அவருக்குச் சற்று நேரம் ஆனது என்பதை இங்கே பதிவுசெய்கிறேன்.

தண்ணீர் தெளித்து எழுப்பினோம். மச்சினன் முன்னால் விழுந்த வெட்கத்தில் அண்ணாச்சிக்கு ஓட வழியில்லாமல் போயிற்று. நாற்காலியில் ஏறினார். கை மட்டும் காற்றில் எதையோ தேடியது. என் கையைப் பிடிக்க அவருக்குக் கூச்சம். வாயில் பஞ்சோடு தங்கராசு வந்து பிடித்துக்கொண்டான்.

கொஞ்ச நேரம் கழித்து அண்ணாச்சி கேட்டார்: "எப்போ ஆரம்பிப்பிய?"

அவருடைய பல் அதற்குள் கிண்ணத்தில் கிடந்தது.

கல்யாணம் முடிந்து தாம்பூலத்தோடு வந்தவர், அதன் பிறகு சரக்கு விஷயமாகத் திருநெல்வேலிக்கு வரும்போதெல்லாம் எங்கள் பெஞ்சில் உட்கார்ந்து, பயந்தவர்களுக்குத் தைரியம் சொல்லத் தொடங்கினார். "எலும்பு நொறுங்குத மாதிரி சத்தம் கேக்கும். ரத்தம் வரும். ஆனா வலிக்காது." பாதிப் பேர் அதிலேயே இறங்கிப் போனார்கள். அவரைத் தடுக்க மனமில்லாத டாக்டர், உள்ளே வந்து கைபிடிக்கும் பொறுப்பைக் கொடுத்தார். பேசக்கூடாது என்பது நிபந்தனை. அது பலித்தது. கருப்பட்டிச் சிப்பம் தூக்கிய அந்தக் கைக்குள் தன் கை நசுங்கும்போது யாருக்குப் பல் ஞாபகம் இருக்கும்? "பல்லு ஒண்ணும் செய்யல டாக்டர், இந்தக் கைக்கு ஏதாவது மருந்து குடுங்க" என்று கேட்டவர்கள் உண்டு.

ஒருநாள் டாக்டருக்கே பல் வலி. மாதக்கணக்கில் ஒரு பக்கமாகவே மென்று சமாளித்திருக்கிறார். அண்ணாச்சிதான் கண்டுபிடித்து, என்னையும் சேர்த்து டவுன் பஸ்ஸில் ஏற்றிப் பாளையங்கோட்டைக்கு இழுத்துப்போனார். அங்கே இருந்த இளம் டாக்டர், எங்கள் டாக்டரிடம் தொழில் பழகியவர். குருவின் வாயைத் திறந்து பார்த்ததும் எடுத்த கருவியைத் தட்டில் திரும்ப வைத்துவிட்டார். படுத்திருந்தவர் திறந்த வாயோடு "ஆ... இஞ்ச... ஊசி..." என்று பாடம் நடத்த, இவர் "சரிங்க சார், சரிங்க சார்" என்று வியர்க்க, பல்லுக்குப் பக்கத்தில் யாரும் போகவே இல்லை. அண்ணாச்சி எழுந்தார். நோயாளியின் கையை விட்டுவிட்டு வைத்தியரின் தோளில் கை போட்டு, "பைய எடுங்க தம்பி, அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு" என்றார். எங்கள் டாக்டரின் கையை நான் பிடித்துக்கொண்டேன். ஈரமாக, ஐஸ் மாதிரி இருந்தது. எத்தனையோ பேருக்குப் பயமில்லை என்று சொன்ன மனிதரின் கை.

பிறகு டாக்டர் மகளோடு இருக்க வெளியூர் போக முடிவுசெய்தார். நாற்காலியை நாகர்கோவிலில் யாரோ வாங்கினார்கள். சுமைக்காரர்கள் அதைப் படியில் இறக்கியபோது அண்ணாச்சி கூடவே இறங்கினார். ஒவ்வொரு படியிலும் நாற்காலியின் கைப்பிடியைத் தட்டிக் கொடுத்து, "பைய, பைய... ஒண்ணுமில்ல, முடிஞ்சிட்டு" என்றார். சுமைக்காரர்களுக்குச் சிரிப்பு. எனக்கும் டாக்டருக்கும் சிரிப்பு வரவில்லை.

இன்று அந்தக் கட்டடம் இல்லை. அங்கே வந்திருக்கும் ஜவுளிக்கடையின் வண்டி நிறுத்துமிடத்தில் அது எங்கே இருந்தது என்று என்னால் சரியாகக் காட்ட முடியாது. டாக்டரும் அண்ணாச்சியும் ஒருவர் பின் ஒருவராகப் போய்விட்டார்கள். டாக்டர் முதலில். அந்தச் செய்தியை நான் தொலைபேசியில் சொன்னபோது அண்ணாச்சி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அந்த நேரம் பக்கத்துல யாரும் இருந்தாங்களாம்மா?"