சூசூ என்றால் பால்

பினாங்கில் பொழுது சாய்ந்தால் எங்கள் தெரு முழுக்க அடுப்புகள் எரியத் தொடங்கும். சீனர்களின் தள்ளுவண்டிகளைச் சுற்றிக் குட்டை முக்காலிகளில் பெண்கள் பிள்ளைகளை மடியில் இருத்திக்கொண்டு சாப்பிடுவார்கள். யாரும் யாரையும் பார்ப்பதில்லை. இத்தனை வருஷமாகியும் எனக்கு அங்கே முதல் வாய் இறங்குவதில்லை. யாராவது கவனிக்கிறார்களா என்று கண் நாலு பக்கமும் போய்விட்டு வரும். "யாரைம்மா தேடுறே?" என்று என் மகள் சரசு சிரிப்பாள். தேனியில் ஒரு மத்தியானம் நடந்தது அவளுக்கு நினைவில்லை.

அப்போது அவளுக்கு நாலு வயது. ஐயாவுக்கு உடம்பு முடியவில்லை, உடனே வா என்று காமயகவுண்டன்பட்டியில் என் அப்பா வீட்டிலிருந்து தந்தி வந்தது. கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. நாகப்பட்டினம்வரை கப்பல், பிறகு ரயில். தெரிந்த குடும்பம் ஒன்று மதுரைவரை துணைக்கு வந்தது. தேனி ஸ்டேஷனில் என் தம்பி நிற்பான் என்று நம்பி இறங்கினால் யாரும் இல்லை. தம்பி வரவில்லையென்றால் அங்கே என்ன நடந்திருக்கும் என்று நினைத்தபடியே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். கம்பம் பஸ் புறப்படக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. சரசுவோ காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை.

பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே ஒரு காப்பி கிளப். வாசல்படி ஏறியதுமே உள்ளே பேச்சு நின்றது. இலை முன்னால் உட்கார்ந்திருந்த ஆண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பரிமாறுகிறவர் ஓடி வந்தார். "பொம்பளைக உள்ள உக்கார வழியில்ல ஆத்தா. பொட்டணம் கட்டித் தாரேன், அங்கன வச்சுச் சாப்புடுங்க" என்றார். நான் பிறந்த பள்ளத்தாக்குதான். ஆனாலும் பெண் கடையில் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை என்பதை நானே மறந்து போயிருந்தேன். சரசு அழத் தொடங்கினாள். அவள் பிறந்தபின் நான் படுத்த படுக்கையாகக் கிடந்த காலமெல்லாம் அவளை வளர்த்தது பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாள். தமிழ் கொஞ்சம் புரியும், பசி வந்தாலும் பயந்தாலும் வாயில் மலாய்தான் வரும். "சூசூ, சூசூ" என்று கதறினாள். அவளை வாசல் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுப் பால் வாங்கக் கல்லாப்பக்கம் திரும்பினேன்.

டம்ளரோடு வந்து பார்த்தால் பெஞ்சு காலி.

பெயர் சொல்லிக் கத்தினேன். பால் புறங்கையில் கொட்டியது, சுட்டதுகூடத் தெரியவில்லை. பிள்ளையின் கழுத்தில் தங்கச் சங்கிலி. "ஒரு பொம்பள கூட்டிக்கிட்டுப் பின்பக்கம் போனா" என்றார் ஒருவர். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எச்சில் கையோடு எழுந்து ஓடினார்கள். நானும் டம்ளரோடு ஓடினேன். கடைக்குப் பின்னால் வேலியோரத்தில், சரசுவின் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு பெண் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். கடைக்கு வாழையிலை கொண்டுவந்து போடுகிற மாயக்கா என்று பிறகு தெரிந்தது. பிள்ளை என்மேல் பாய்ந்தது. சங்கிலி கழுத்தில் அப்படியே இருந்தது. அதற்குள் இரண்டு பேர் அவள் கையை முறுக்கிப் பிடித்துவிட்டார்கள்.

"சங்கிலியக் கழட்டத்தான் கூட்டியாந்திருக்கா. போலீசக் கூப்புடுங்க."

"புள்ள சூசூன்னு அழுதுச்சுய்யா. ஒண்ணுக்கு வருதுன்னுல்ல நெனச்சேன்" என்றாள் மாயக்கா. தினமும் அவளிடம் இலை வாங்குகிற பரிமாறுகிறவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கடைக்குள் போனார்.

தெருவில் பஸ் ஹாரன் அடித்தது. கண்டக்டர் சந்துமுனையில் வந்து நின்று, "கம்பத்துக்கு ஏறுறீகளா இல்லையா? அடுத்தது பொழுது சாயத்தான்" என்றார். எனக்கு ஐயாவின் முகம்தான் முன்னால் வந்தது. ஓடிப்போய் ஏறியிருக்கலாம், பிள்ளை கிடைத்துவிட்டதே. ஆனால் நான் போய்விட்டால் இவளுக்காகச் சொல்ல அங்கே ஒரு வாய் இல்லை.

"நீங்க போங்க" என்றேன் கண்டக்டரிடம். பிறகு அந்த ஆண்களைப் பார்த்து, "கைய விடுங்க. அவுக ஒரு தப்பும் செய்யல. எங்க ஊருல சூசூன்னா பாலு" என்றேன்.

"உங்க ஊரு எது?"

"காமயகவுண்டன்பட்டி."

"அங்கனயா பாலுக்குச் சூசூன்னு பேரு?"

யாரோ சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடலுக்கு அப்பாலுள்ள ஊரையும் மலாய்ப் பேச்சையும் ஒவ்வொன்றாக விளக்கிச் சொன்னேன். பிடி தளர்ந்தது. ஒவ்வொருவராக இலைக்குத் திரும்பினார்கள். மாயக்கா மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே டம்ளரில் மிச்சமிருந்த பாலை வாங்கி ஊதி ஆற்றிப் பிள்ளைக்குப் புகட்டினாள். "பாலுக்கு இப்பிடியா ஒரு பேரு வைப்பாக?" என்றாள். சாயங்கால பஸ் வரும்வரை அவள் எங்களை விட்டுப் போகவில்லை.

கம்பத்தில் இறங்கி மாட்டு வண்டி பிடித்து வீடு சேர்ந்தபோது ராத்திரி வெகுநேரமாகிவிட்டது. ஐயா கண் திறந்திருந்தார். அவரை விட்டு நகர முடியாமல்தான் தம்பி வரவில்லை. ஐயா அதன்பின் ஒரு வாரம்தான் உயிரோடு இருந்தார். அந்த முதல் ராத்திரி பேத்தியைக் கட்டிலருகே கூப்பிட்டார். சரசு அவர் முகத்தையே பார்த்திருந்துவிட்டு என் பக்கம் திரும்பி, "பிலா பாலிக், மாக்?" என்றாள். எப்போது திரும்பிப் போவோம், அம்மா?

"ஏத்தா, புள்ள என்ன கேக்குது?" என்றார் ஐயா.

"உங்க பேரக் கேக்குதுய்யா."

அவர் முகம் மலர்ந்தது. தலையைச் சிரமப்பட்டுத் தூக்கி, பிள்ளைக்குப் புரியட்டும் என்று, "வீ...ர...ணன்" என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். சரசு கவனமாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு என் புடவையைப் பிடித்து இழுத்து, அதையே மறுபடியும் கேட்டாள். ஐயாவும் மறுபடியும் தம் பெயரைச் சொல்லத் தொடங்கினார்.