செத்த சொறி கொட்டுமா?

வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். தட்சிணாமூர்த்தி சார் தவறிவிட்டார் என்று அவருடைய வீட்டு உரிமையாளர் போன் செய்தபோது நான் நம்பவில்லை. "சும்மா இருங்க, அவரு சொல்றதுல பாதி புளுகு" என்று வைத்துவிட்டேன். செத்ததை அவரே எப்படிச் சொல்லியிருக்க முடியும் என்பது அப்புறம்தான் உறைத்தது.

செங்கம் ரோட்டில் என் இட்லிக் கடை பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்கு சாரைத் தெரியும். கடலோர ஆராய்ச்சிக்கூடத்தில் ஜெல்லி மீன்களைப் பார்த்தே ஓய்வு பெற்றவர். அப்பேர்ப்பட்டவர் கடலே இல்லாத நம் ஊருக்கு ஏன் குடிவந்தார்? அங்கேயே எனக்குச் சந்தேகம் ஆரம்பித்துவிட்டது. ஜெல்லி மீனைக் கடற்கரைக்காரர்கள் சொறி என்பார்களாம். அண்டா மூடி அகலத்துக்கு வளருமாம். மூளை, இதயம், எலும்பு எதுவும் கிடையாதாம். தின்பதும் கழிப்பதும் ஒரே வாயிலாம்.

"மூளையே இல்லன்னா அதுக்கு இன்னா சார் உத்தியோகம்?" என்றேன்.

"எனக்கு உத்தியோகம் குடுத்ததே அதாம்மா."

ஒருநாள் அது குட்டி போடுவதைக் காட்டுகிறேன் என்று என் இட்லித் தட்டுகளை வாங்கி அடுக்கினார். ஆரம்பத்தில் அது பாறையில் சின்னப் பூ மாதிரி ஒட்டிக்கொண்டிருக்குமாம். அதுவே தட்டுத் தட்டாகப் பிரிந்து, மேல் தட்டு முதலில் கழன்று, குடையை விரித்து மடக்குவதுபோல் நீந்திப் போகுமாம். ஒவ்வொரு தட்டும் ஒரு சொறி.

"ஒரு ஈடு வேகறதுக்குள்ள எத்தினி புளுகு சார்" என்றேன். சிரித்தார். "நம்பாத சரோஜா. போய்ப் பாரு" என்றார். எதற்கும் அதையேதான் சொல்வார்.

கடைசியாக வந்த அன்று, "கரையில செத்துக் கெடந்தாலும் தொடக்கூடாது, கொட்டும்" என்றார். "உயிரோட இருக்கும்போதே மூளை இல்ல. செத்தப்புறம் யாரு சார் அத்த கொட்டச் சொல்றது?" என்று கேட்டேன். பெஞ்சே சிரித்தது. அதன் உடம்பிலிருந்து தொங்கும் நூல்களில் கண்ணுக்குத் தெரியாத பைகள் உண்டு, உள்ளே சுருண்டிருக்கும் முள், கை பட்டதுமே தெறிக்கும், யாரும் சொல்லத் தேவையில்லை என்று அவர் விளக்கியது அந்தச் சிரிப்பில் அமுங்கிப்போனது. காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் அந்த போன்.

அவர் சொன்னது பொய்யாக இருந்தால் எனக்கு நிம்மதி. உண்மையென்றால், நல்ல மனிதரை நாலு பேர் முன்னால் பொய்யராக்கி அனுப்பியிருக்கிறேன். கடையைப் பூட்டிவிட்டு புதுச்சேரி பஸ் ஏறினேன்.

மணலில் ஒன்று செத்து, ஈ மொய்த்துக் கிடந்தது. மீன் விற்கிற அம்மா ஒருவர், "வாணாம்க்கா, தொடாதே" என்றார்.

"நீங்களும் அவரு ஆளா?" என்று கேட்டுவிட்டுத் தொட்டேன்.

சார் சொன்னது உண்மை. அவர் இருந்தபோது உட்கார வைத்துச் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்: தப்பு என்னுடையது சார். உங்களிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இரண்டு. "நம்பாத, போய்ப் பாரு" என்ற பேச்சு ஒன்று. வலது கையில் கயிறு சுற்றியது போன்ற ஒரு தழும்பு இன்னொன்று.

பதினாறாம் நாள் கடையிலேயே சாரின் படத்தை மாட்டினோம். வலது கை இன்னும் வீங்கியிருந்ததால் இடது கையால் மாலை போட்டேன். "பீச்சாங்கையாலயா போடுவாங்க?" என்று அவருடைய அண்ணன் அதட்டினார். திரும்பிப் பார்த்தேன். மாலை நழுவி, கீழே இருந்த மாவு அண்டாவில் விழுந்தது. வந்தவர்களுக்கு உப்புமா போட்டோம்.