கறுப்புக் கடையும் காதர் பாயும்

போன வாரம் பொன்னேரியில் புதிதாகத் திறந்த துணிக்கடைக்குள் நுழைந்தேன். சுவருக்குப் பூச்சு இல்லை. கூரையிலிருந்து இரும்புச் சங்கிலிகள், அவற்றின் முனையில் சட்டைகள். பொம்மைகளுக்குத் தலை இல்லாததால் வெல்டிங் கண்ணாடியைக் கழுத்தில் மாட்டியிருந்தார்கள். "ஃபேக்டரி லுக் சார்" என்றாள் விற்பனைப் பெண். நாள் முழுக்க ஃபேக்டரியில் வெந்துவிட்டு வருகிறவர்களுக்குக் காட்ட வேறு காட்சி கிடைக்கவில்லை போலிருக்கிறது. உள்ளே அடித்த பெயின்ட் வாடை என்னைக் கும்மிடிப்பூண்டிக்கு இழுத்துப் போய்விட்டது.

அங்கே ஸ்டேஷன் பக்கம் காதர் பாயின் துணிக்கடையில்தான் என் முதல் வேலை. நைட்டி மடிப்பதில் நான் கெட்டிக்காரன், விற்பதில் அல்ல. வாசலில் ஒரு மஞ்சள் போர்டு, அதில் கடைப் பெயர், அவ்வளவுதான். சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து வரும் பெண்கள்தான் எங்களுக்குச் சோறு போட்டார்கள்.

பாயின் மாப்பிள்ளை சென்னையிலிருந்து ஒரு டிசைனரைக் கூட்டிவந்தார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டுதான் அவர் எதையும் பார்ப்பார். மஞ்சள் போர்டு இறங்கியது. முகப்பு முழுக்கக் கறுப்பு, நடுவில் ஒரு பெரிய சிவப்புக் கண். பெயர் கிடையாது. "பேர் போட்டா மர்மம் போயிடும்" என்றார். மர்மம் நன்றாகவே வேலை செய்தது. பார் என்று நினைத்துச் சிலர் வந்தார்கள். ஒருவர் கண் பரிசோதனை இலவசமா என்று கேட்டார். பெண்கள் மட்டும் வரவில்லை. யாரை வேலையை விட்டு நிறுத்தலாம் என்று மாப்பிள்ளை யோசிக்கத் தொடங்கினார். முதலில் அடிபட்டது என் பெயர்தான்.

ஒரு மதியம் எங்கள் பழைய வாடிக்கைக்காரி ஸ்டெல்லா, தங்கையின் கல்யாணப் புடவைக்காக அம்மாவோடு வந்து எதிர்ச்சாரியிலேயே நின்றுவிட்டாள். ஓடிப்போய்க் கூப்பிட்டேன்.

"இன்னாண்ணா இது, ஊடு எரிஞ்ச மாதிரி கீது. இதுக்குள்ள வந்து கல்யாணப் பொடவ எடுக்க எங்கம்மா ஒத்துக்காது. நாங்க பொன்னேரிக்கே போறோம்."

திரும்பி வந்து பாயிடம் சொன்னேன். அவர் பெஞ்சைத் தூக்கிக்கொண்டு போய் நடைபாதையில் போட்டார். பட்டுப் புடவைகளைத் தானே சுமந்து வந்து பிரித்தார். ஸ்டெல்லாவின் அம்மா தெருவைத் தாண்டி வந்து உட்கார்ந்தாள்.

"மாமா, பிராண்டே போயிடும்" என்று மாப்பிள்ளை பதறினார்.

"வந்தவங்க போயிக்கினு கீறாங்க மாப்ள. அத்த மொதல்ல பாருங்க."

அவர்கள் அரக்கு நிறத்தில் ஒன்று எடுத்தார்கள். அதற்குள் வழியில் போன பெண்கள் நாலைந்து பேர் நின்றுவிட்டார்கள். கடையைப் படமெடுக்க அன்று வந்திருந்த டிசைனர் அதையும் ஃபோனில் படம் பிடித்துக்கொண்டே, "ஸ்ட்ரீட் கான்செப்ட். நானே சொல்லலாம்னு இருந்தேன்" என்றார். வெட்கம் என்பதை அந்தப் படிப்பில் சொல்லித்தர மாட்டார்கள் போல.

மறுநாளே பாய் முகப்புக்கு வெள்ளையடித்தார். கறுப்பு முழுதாக மறையவில்லை, சாம்பலாக நின்றது. ஆனாலும் பெண்கள் வந்தார்கள். என் வேலையும் தப்பியது.

பாய் இப்போது இல்லை. கடை இருந்த இடத்தில் செல்போன் ஷோரூம். போன வாரம் அந்தப் பொன்னேரிக் கடையில் ஒரு பெண், நிறம் சரியாகத் தெரியவில்லை என்று சுடிதாரோடு வாசல் வரை போனாள். திருட்டைத் தடுக்கும் மணி அலறியது, காவலாளி மறித்தார். எங்கள் கடையில் புடவையை வெயிலில் பார்க்கத் தெருவுக்கே கொண்டு போவார்கள். பின்னால் யாரும் போக மாட்டோம்.