களை எடுத்தவளுக்குச் சோறு

நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவள். எனக்கென்று முதன்முதலாக நிலம் கிடைத்தது ஊரப்பாக்கத்தில், என் மகள் வீட்டுக் கம்ப்யூட்டரில்.

மகளுக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. இரண்டாயிரத்து ஒன்பது வாக்கில் அவள் ஆபீசில் எல்லோரும் இன்டர்நெட் விளையாட்டு ஒன்றில் விவசாயம் செய்துகொண்டிருந்தார்கள். விதைத்தால் அன்றைக்கே விளைந்துவிடும். நேரத்துக்கு அறுக்காவிட்டால் காய்ந்துவிடும். பகலில் அவளுக்கு மீட்டிங் இருக்கும் என்பதால் அறுப்பு வேலையை எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். மவுஸைப் பிடித்து அழுத்தினால் போதும், குனிய வேண்டாம். இடுப்பு வலிக்காத விவசாயத்தை அப்போதுதான் பார்த்தேன்.

நான் ஒழுங்காக அறுப்பதைப் பார்த்து எனக்கும் தனியாக ஒரு நிலம் திறந்து கொடுத்தாள். மேலே என் பேர் இருந்தது. இங்கிலீஷ் எழுத்து, மகள்தான் படித்துக் காட்டினாள். கருங்குழிப் பக்கம் எங்கள் ஜனம் தலைமுறை தலைமுறையாகச் சேற்றில் நின்றது. பேர் மட்டும் எந்த நிலத்திலும் இருந்ததில்லை.

நிலம் சின்னது. வேலிக்கு அந்தப் பக்கம் இன்னொரு துண்டு சும்மா கிடந்தது. விளையாட்டுக் காசு சேர்த்தால் அதையும் வாங்கலாம். எனக்கு அதன் மேல் ஆசை வந்துவிட்டது. இந்த வயதில் இதை வெளியே சொல்லக் கூச்சமாக இருந்தது, ஆனாலும் வீட்டில் தெரிந்துவிட்டது.

மருமகன் கார்டு போட்டு வாங்கித் தருவதாகச் சொன்னார். நிஜப் பணம் கொடுத்து இல்லாத நிலத்தை வாங்குவதை எங்கள் பக்கத்தில் ஏற்கெனவே சிலர் செய்திருந்தார்கள். நான் வேண்டாமென்றேன். காசைத் தானாக ஏற்றிவிடும் குறுக்கு வழி ஒன்றும் இருக்கிறதாம். பிடித்தால் நிலத்தையே பூட்டிவிடுவார்கள் என்றும் அவரே சொன்னார்.

மிச்சம் இருந்தது உழைக்கிற வழி. தினமும் வந்து நிலத்தைத் திறந்து பார்த்தாலே கொஞ்சம் காசு. விளைந்ததை விற்றால் காசு. அடுத்தவர் நிலத்தில் களை எடுத்தாலும் காசு, அதுதான் சீக்கிரம் சேரும்.

"கூப்டாம ஒருத்தர் நெலத்துல எப்பிடிம்மா எறங்குறது?" என்று கேட்டேன். எங்கள் ஊரில் அப்படி இறங்கினால் திருட வந்தவள் என்பார்கள்.

"இதுல யாரும் கூப்ட மாட்டாங்கம்மா. நீயா போய்க்கினே இருக்கணும்."

எனக்குப் பக்கத்து நிலங்கள் இரண்டுதான். ஒன்று மகளுடையது, அதில் கூப்பிடாமலே களை எடுத்தேன். இன்னொன்று ஆபீசில் அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காரும் பெண்ணுடையது. அவள் யார் என்று மகள் சொன்னதும் மவுஸைக் கீழே வைத்துவிட்டேன். கருங்குழியில் நாங்கள் கூலிக்குப் போன பண்ணை வீட்டுப் பேத்தி. இரண்டு பேரும் சேர்ந்துதான் டீ குடிக்கப் போவார்களாம்.

"அவங்க நெலத்துல மறுபடியும் களை எடுக்கவா உன்ன படிக்க வச்சேன்?"

"அது வெறும் படம்மா."

படமாகவே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். அந்த நிலத்துப் பக்கம் போகவில்லை. காசும் சேரவில்லை.

ஒரு நாள் காலையில் என் நிலத்தைத் திறந்தால் நடுவில் தொப்பி போட்ட பொம்மை ஒன்று நின்றது. கீழே ஏதோ எழுதியிருந்தது. தலை வாரிக்கொண்டிருந்த மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். எட்டிப் பார்த்தாள்.

"அவதாம்மா. உன் நெலத்துல களை எடுத்துட்டுப் போயிருக்கா."

அந்த வீட்டுப் பெண் என் நிலத்தில் களை எடுத்திருக்கிறாள். அவளுக்கு அதில் காசு வந்திருக்கும், விடு என்றாள் மகள். காசு கம்பெனிக்காரன் கொடுப்பது. நிலம் என்னுடையது. நம் நிலத்தில் வேலை செய்தவளுக்கு நாம்தான் சோறு போட வேண்டும். அவர்கள் வரப்பில் உட்கார்ந்து நாங்களும் கூழ் குடித்திருக்கிறோம். ஏனம் தராமல் கையில் ஊற்றினார்கள், அது வேறு விஷயம்.

முட்டுக்காட்டு இறால் இருந்தது. கத்திரிக்காய் போட்டுத் தொக்கு வைத்துச் சோறு கட்டினேன்.

"இன்னாமா, இன்னொரு டப்பா?"

"களை எடுத்தவளுக்கு."

"ஆபீசுல சிரிப்பாங்கம்மா."

"சிரிக்கட்டும். சூடா கீது, சாய்க்காம எடுத்துக்கினு போ."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எடுத்துப் போனாள்.

அவள் போன பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. அந்த வீட்டில் எங்கள் கைச் சோற்றை யாரும் தொட்டது கிடையாது. இவளும் தொடாவிட்டால் பக்கத்து நாற்காலியில் என் மகள்தான் தினமும் உட்கார வேண்டும். அன்றைக்கு நான் கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. பயிர் காய்ந்தது.

சாயங்காலம் மகள் டப்பாவைக் கழுவிக் கொண்டுவந்தாள். கழுவின டப்பாவைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. கொட்டிவிட்டும் கழுவலாம். நான் கேட்கவில்லை. அவள் செருப்பைக் கழற்றினாள், தண்ணீர் குடித்தாள், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தாள்.

"தொக்கு மொத்தம் அவளே துன்னுட்டா. எனக்கு ஒரு வாய் குடுக்கல," என்றாள். கொஞ்சம் பொறுத்து, "நாளைக்கும் களை கீதான்னு கேட்டா."

நிலம் உள்ளவர்கள் ஒருத்தர் நிலத்தில் ஒருத்தர் இறங்கி வேலை செய்து கொடுப்பார்கள். இன்றைக்கு நீ வந்தால் நாளைக்கு நான் வருவேன். திருப்பி வந்து செய்ய எங்களுக்கு நிலம் இல்லாததால் அந்த வழக்கத்தில் எங்களைச் சேர்த்ததில்லை.

மறுநாள் காலை அவள் நிலத்தில் இறங்கினேன். களை மண்டிக் கிடந்தது. அந்த வீட்டில் யாருக்கும் அந்த வேலை பழக்கமில்லை. முழுவதும் எடுத்துவிட்டு என் நிலத்துக்குத் திரும்பி, காய்ந்ததை எல்லாம் பிடுங்கிப் போட்டுக் கத்திரி விதைத்தேன். வேலிக்கு அந்தப் பக்கத்துத் துண்டு அந்த மாதக் கடைசியில் என் பேருக்கு வந்தது.