ஸ்டானிஸ்லாஸ் தமிழில் விளையாடினான்

ஐந்தடி நாலங்குலம் உயரமுள்ள ஒருவன் கூடைப்பந்து விளையாடியே ஒன்பது வருஷம் சோறு தின்றான் என்றால் ஈப்போவை ஒட்டிய செமோர் ரப்பர் தோட்டங்களில் யாரும் நம்ப மாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும். ஸ்டானிஸ்லாஸ் தின்றான். கல்யாணத்துக்குப் பிறகு அவன் பெண்டாட்டி கத்தரினும் தின்றாள்.

தோட்டத்துப் பையன்களெல்லாம் காற்பந்தை உதைத்துக்கொண்டு திரிந்தபோது, இவன் ஈப்போவில் மிஷன் பள்ளியின் சிமெண்டுத் தரையில் சீனப் பையன்களோடு பந்தைத் தட்டிக்கொண்டிருந்தான். குள்ளன் என்பதால் வளையத்துக்குக் கீழே அவனை அண்ட விட மாட்டார்கள். பந்தை முன்னால் கொண்டுபோக வேண்டும். யார் எந்தப் பக்கம் ஓடுவது என்று கத்த வேண்டும். சரியான ஆள் கையில் சேர்க்க வேண்டும். அதற்குப் பாயிண்ட் கார்ட் என்று பெயர்.

"மண்டோர் வேலைன்னு சொல்லு. தான் மரம் வெட்டாம மத்தவனப் பாத்துக் கத்துறது" என்றார் அவன் அப்பா சூசை. அவர் முப்பது வருஷமாகப் பால் எடுக்க ரப்பர் மரத்தைக் கீறி வெட்டுகிறவர். வேலை வாங்கும் மண்டோர்களைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது.

1970-இல் ஈப்போ பிஸ்கட் கம்பெனி ஒன்று அவனை எடுத்துக்கொண்டது. அந்தக் காலத்தில் விளையாடுவதற்கென்று நேராகச் சம்பளம் தர மாட்டார்கள். கம்பெனியில் ஒரு வேலை போட்டுக் கொடுப்பார்கள். காலையில் ஸ்டோரில் டின் அடுக்குவான், சாயங்காலம் ஆடுவான். முதலாளியான தவுக்கேக்குப் பந்துப் பைத்தியம். டின் நசுங்கினால் ஒன்றும் சொல்ல மாட்டார். பந்து கைநழுவினால் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேச மாட்டார்.

கூட ஆடிய நாலு பேரும் சீனர்கள். எதிரே ஆடியவர்களும் சீனர்கள். கந்தோனீஸ் சீனத்தில் கத்தினால் ஊருக்கே புரிந்தது. அதனால் ஸ்டானிஸ்லாஸ் தன் ஆட்கள் நாலு பேருக்கும் தமிழ் சொல்லிக்கொடுத்தான். மொத்தம் ஆறே சொல்: இடது, வலது, சுத்து, நில்லு, ஓடு, குடு. நெட்டையன் ஆ கியோங்குக்கு 'வலது' கடைசிவரை வாயில் நுழையவில்லை. காதில் நுழைந்தால் போதும் என்று ஸ்டானிஸ்லாஸ் விட்டுவிட்டான். அந்த ஆறு சொல்லை வைத்துக்கொண்டு பேராக் மாநிலத்தில் இரண்டு கோப்பை வாங்கினார்கள்.

1979-இல் தவுக்கேயின் மகன் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து, பிஸ்கட் விற்கிறவனுக்குப் பந்து எதற்கு என்று கேட்டான். நியாயமான கேள்விதான். நியாயமாக இருந்தால் எரிச்சல் வராதா என்ன? அப்பனும் மகனும் மல்லுக்கட்டி ஒரு முடிவுக்கு வந்தார்கள். அந்த வருஷக் கடைசி ஆட்டம் பீடோர் ஊர் அணியோடு. ஜெயித்தால் அணி இருக்கும். தோற்றால் அணியும் இல்லை, ஆடுகிறவர்களுக்கு ஸ்டோர் வேலையும் இல்லை. ஸ்டானிஸ்லாஸுக்கு வயது முப்பத்தொன்று. கத்தரின் மூன்றாவது பிள்ளையை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தாள்.

மகன் ஆடி ஒரு தடவைகூடப் பார்த்திராத சூசை, விஷயத்தைக் கேட்டதும் சட்டையை இஸ்திரிப் பெட்டி போட எடுத்தார்.

"வேலை விஷயம்னா வாரேன்லா."

பஸ் தாமதம். அவர் வந்து சேர்ந்தபோது பாதி ஆட்டம் முடிந்து, பிஸ்கட் கம்பெனி பதினோரு புள்ளி முன்னால் இருந்தது. பீடோர்காரர்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சுப் பக்கம்தான் நிழல் இருந்தது. சூசை அங்கே போய் உட்கார்ந்தார். அது என் மகன் என்று பக்கத்தில் இருந்த சீனரிடம் மலாயில் சொன்னார். அந்தச் சீனர் பீடோர் அணியின் பயிற்சியாளர். அவர் ஒரு சிகரெட் நீட்டி, உங்கள் மகன் என்ன கத்துகிறான் என்று மரியாதையாகக் கேட்டார்.

பெற்ற அப்பன் சொல்லாமல் இருப்பானா? ஸ்டானிஸ்லாஸ் 'இடது' என்றால் சூசை 'கிரி' என்றார். 'வலது' என்றால் 'கானான்' என்றார். பயிற்சியாளர் அதைக் கந்தோனீஸில் தன் ஆட்களுக்குக் கத்தினார். பதினொன்று ஏழாயிற்று, மூன்றாயிற்று. நாலு நிமிஷம் பாக்கி இருக்கும்போது ஒரே புள்ளி.

அப்போதுதான் ஸ்டானிஸ்லாஸ் திரும்பிப் பார்த்தான். அவன் அப்பா எழுந்து நின்று இடது கையை வீசிக்கொண்டிருந்தார்.

ஆட்டத்துக்குச் சிறு நிறுத்தம் கேட்டான். "அந்தக் கிழவனப் போய் அடக்கு" என்றான் ஆ கியோங் மலாயில். ஸ்டானிஸ்லாஸ் நேரே போனான். சூசை அவன் தோளைப் பிடித்துப் பயிற்சியாளர் முன்னால் நிறுத்தினார். அப்பா முகத்தில் இத்தனை சந்தோஷத்தைத் தன் கல்யாணத்தன்றுகூட அவன் பார்த்ததில்லை.

"எல்லாத்தையும் இவருக்கு நாந்தான் வெளக்குறேன். உன்னைப் பெரிய ஆளுன்னு சொல்றாரு."

"தண்ணி குடிச்சீங்களாப்பா?"

"குடிச்சேன், குடிச்சேன். நீ போய் ஆடு."

அவன் போய் ஆடினான். ஆளுக்கொரு கூடை மாறி மாறி விழுந்து, கடைசியில் பீடோர் ஒரு புள்ளி முன்னால் போய்விட்டது. சில விநாடிகள்தான் பாக்கி. ஸ்டானிஸ்லாஸ் வேண்டுமென்றே 'வலது' என்று கத்தினான். சூசை 'கானான்' என்றார். பீடோர்காரர்கள் ஐந்து பேரும் வலது பக்கம் பாய்ந்தார்கள். அவனுடைய ஆட்கள் நாலு பேரும் ஒழுக்கமாக அங்கேயே ஓடினார்கள். இடது பக்கம் அவன் மட்டும் தனியாகப் போனான். கொடுக்க ஆள் இல்லை. தானே எறிந்தான். பந்து வளையத்தில் இரண்டு சுற்று சுற்றி, வெளியே விழுந்தது.

திங்கட்கிழமை ஸ்டோர் சாவியைக் கொடுத்துவிட வேண்டும் என்று தவுக்கே சொன்னார். அவர் கண்ணும் சிவந்திருந்தது.

செமோர் பஸ்ஸில் அப்பனும் மகனும் ஒரே இருக்கையில் உட்கார்ந்தார்கள். ஸ்டானிஸ்லாஸுக்கு வாய்விட்டு அழ வேண்டும் போலிருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"தோத்தாச்சே. வேலை இருக்கும்ல?" என்றார் சூசை.

"வேற வேலை பாக்கலாம்ப்பா."

சூசை அவன் முழங்காலில் கை வைத்தார்.

"என்னாலதான் நீ அந்த அளவுக்காச்சும் ஆடுனே. நான் மொதல்லயே வந்திருக்கணும்லா, வராம உட்டுட்டேன்."

"ஆமாப்பா" என்றான் ஸ்டானிஸ்லாஸ்.