கலக்காமல் வைத்த மாவு

ஸ்பானர் துடைத்த ரொட்டி

நான் முதன்முதலாகச் செய்த மைதா ரொட்டியை ஒருவர் கையில் எடுத்தார். இரண்டாக மடித்தார். அதை வைத்து ஸ்பானரைத் துடைத்தார். கிண்டலுக்குத்தான் செய்தார். கேன்டீன் முழுக்கச் சிரித்தது. அவ்வளவு அழுத்தித் துடைத்தும் அந்த ரொட்டி கிழியவில்லை பாருங்கள், அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

1991இல் நடந்தது இது. பென்னலூர் பக்கம் ஒரு கம்பெனி புதிதாக எழும்பிக்கொண்டிருந்தது. தகட்டை அழுத்திப் பார்ட் எடுக்கிற பெரிய பிரஸ் மெஷின்கள் அங்கே வந்து இறங்கியிருந்தன. எங்கள் ஊர் நிலம் கொஞ்சம் அந்தக் கம்பெனிக்குள் போய்விட்டது. அதற்குப் பதிலாக ஊர்ப் பெண்கள் ஆறு பேருக்குக் கேன்டீனில் ஹெல்பர் வேலை கொடுத்தார்கள். வெங்காயம் உரிப்பது, மாவு ஆட்டுவது, பாத்திரம் கழுவுவது எங்கள் பாடு. அடுப்பில் நிற்பது மட்டும் ஆண் மாஸ்டர். அந்த மாஸ்டர் ஒரு நாள் சண்டை போட்டுக்கொண்டு கரண்டியை வீசிவிட்டுப் போய்விட்டார். புது மாஸ்டர் வருகிற வரைக்கும் நீ நில் என்று என்னை அடுப்பில் நிறுத்தினார்கள். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. பெயர் ஞானசுந்தரி. வாய் கொஞ்சம் நீளம். அது இன்றைக்கும் குறையவில்லை.

மெஷின்களைப் பொருத்துவதற்குப் பஞ்சாபிலிருந்து பதினோரு ஃபிட்டர்கள் வந்திருந்தார்கள். அவர்களின் தலைவர் தில்பாக் சிங். ஸ்பானரைத் துடைத்த ஆசாமி அவர்தான். நல்ல மனிதர், ஆனால் சோற்றைக் கண்டால் முகம் சுருங்கிவிடும். நாங்கள் சப்பாத்தி போட்டோம். பன்னிரண்டு மணிச் சாப்பாட்டுக்கு எட்டு மணிக்கே சுட்டு, அடுக்கி, மூடி வைத்தோம். மேலே இருந்தது அப்பளமாக நொறுங்கியது, அடியில் இருந்தது வேர்த்து ஊறிப்போனது. இரண்டு நாள் பார்த்தார்கள். மூன்றாம் நாளிலிருந்து பதினோரு பேரும் வேனில் ஏறி, சுங்குவார்சத்திரம் தாண்டி ஹைவேயில் இருந்த தாபாவுக்குச் சாப்பிடப் போக ஆரம்பித்தார்கள். போய்வர இரண்டு மணி நேரம். மெஷின் வேலை அப்படியே நின்று கிடக்கும்.

கேன்டீன் மேனேஜர் சண்முகவேல் அண்ணாச்சி திருநெல்வேலிக்காரர். கத்த மாட்டார். கத்தாமலே பயமுறுத்துவார். ஒரு திங்கட்கிழமை காலை எங்கள் ஆறு பேரையும் கூப்பிட்டு நிறுத்தினார்.

"வெள்ளிக்கிழம மொத மெஷின் ட்ரையல் ஓடுது. பெரிய ஆபீசருங்க எல்லாம் வாராவ. அன்னைக்கு இந்தப் பஞ்சாப்காரவ ஷெட்ட விட்டு வெளிய போவக் கூடாதுன்னு பிளான்ட் மேனேஜர் சொல்லிட்டாரு. அவங்க அன்னைக்கும் தாபாவுக்குப் போனா, கேன்டீன மெட்ராஸ் ஓட்டல்காரருக்குக் கொடுத்துருவாங்க. அவரு சொந்த ஆளக் கூட்டிட்டு வருவாரு. அப்புறம் நீங்க ஆறு பேரும் வீட்டுல இருக்க வேண்டியதுதான். வெளங்குதா?"

நன்றாக விளங்கியது. நிலமும் போய், வேலையும் போகும்.

மாவைத் தூங்க வைத்தோம்

அன்றைக்கே நான் தில்பாக் சிங்கிடம் போய்க் கேட்டேன். "சார், உங்க வூட்டுல இன்னா ரொட்டி செய்வாங்க?" அவருக்குத் தமிழில் பத்து வார்த்தை தெரியும். எனக்கு இந்தியில் அதுவும் கிடையாது. கையைக் காலை ஆட்டிப் பேசிக்கொண்டோம்.

"மைதா. தயிர். சோடா. பஸ், போதும். சீக்கிரம், சீக்கிரம்!" என்று கையைத் தட்டிக் காட்டினார். ஈஸ்ட் வேண்டாமா என்று கேட்டேன். ஏனென்றால் பன் உப்புவதற்கு ஈஸ்ட் போடுவார்கள் என்று ஸ்ரீபெரும்புதூர் பேக்கரியில் சொல்லியிருந்தார்கள். எங்கள் கடைத்தெருவில் அது கிடைக்கவும் கிடைக்காது. அவர் தலையை ஆட்டினார். "நோ ஈஸ்ட்."

இங்கேதான் எனக்குத் திமிர். அவர் சொன்ன சாமான்களைக் கேட்டுக்கொண்டேன், சீக்கிரம் என்றதை விட்டுவிட்டேன். தினம் நானூறு இட்லிக்கு மாவு ஆட்டுகிறவள் நான். மாவு உப்ப வேண்டும் என்றால் ராத்திரி முழுக்கப் புளிக்க வேண்டும், இது எனக்குத் தெரியாதா? இந்த மெஷின் ஆளுக்கு மாவைப் பற்றி என்ன தெரியும்? அப்படித்தான் நினைத்தேன்.

திங்கள் சாயங்காலமே மைதா, தயிர், ஆப்பசோடா, உப்பு எல்லாவற்றையும் சேர்த்துப் பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடிவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் வந்து திறந்தால் மாவு இளகிக் கிடந்தது. புளிப்பு குப்பென்று அடித்தது. இட்லி மாவு புளித்துப்போனால் நாங்கள் என்ன செய்வோம்? இன்னும் ஒரு கை ஆப்பசோடா போடுவோம். போட்டேன். கல்லில் தட்டியதும் மஞ்சள் மஞ்சளாகப் புள்ளி விழுந்தது. உப்பவே இல்லை. சோப்பு வாடை வேறு.

என்னோடு வேலை செய்த கன்னியம்மா ஒரு ரொட்டியை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாள். "இன்னாடி ஞானம் இது, செருப்பு தைக்கலாம் போலக் கீது!"

அதைத்தான் செவ்வாய்க்கிழமை சாப்பாட்டுக்கு முன்னால் சாம்பிளாக வைத்தோம். ஸ்பானர் கதை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். பதினோரு பேரும் வேனில் ஏறிப் போய்விட்டார்கள். அண்ணாச்சி என் பக்கத்தில் வந்து நின்று, "ஏ பிள்ள, இன்னும் மூணு நாளுதான் இருக்கு, பாத்துக்க" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன். அதற்கும் வழி இல்லை.

இரண்டு டப்பா

புதன்கிழமை டீ டிராலியைத் தள்ளிக்கொண்டு ஷெட்டுக்குள் போனேன். மெஷின் காலடியில் தில்பாக் சிங் குந்தியிருந்தார். பக்கத்தில் இரண்டு டப்பா, ஒன்றில் வெள்ளைப் பசை, ஒன்றில் கறுப்புப் பசை. இரண்டையும் கலந்து அடித்தால் இரும்பு மாதிரி இறுகிவிடுமாம். எங்கள் ஊர் வெல்டர் ஏழுமலை அவசரப்பட்டு இரண்டு டப்பாவையும் ஒரே தகரத்தில் கொட்டிக் கலக்கப் போனார். அவ்வளவுதான், தில்பாக் சிங் எழுந்து நின்று சத்தம் போட்டார். அந்தக் கத்தலில் என் டிராலி கிளாஸே ஆடியது.

நான் ஏழுமலையிடம் கேட்டேன். "இன்னா அண்ணே, இதுக்குப் போய் இந்தக் கத்து கத்தறாரு?"

"மொத்தமா கலந்துட்டா அங்கியே வேலைய ஆரம்பிச்சுடுமாம்மா. நாம பூசறதுக்குள்ள டப்பாவுலியே இறுகிப் பூடும். எவ்ளோ வேணுமோ அவ்ளோ, எப்ப வேணுமோ அப்பத்தான் கலக்கணுமாம்."

டீயை ஊற்றிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது. ஐயோ, என் சோடாவும் தயிரும் இதே சங்கதிதானே! ஆப்பசோடா தயிரில் பட்டதும் நுரைப்பதை நான் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். அந்த நுரைதான் ரொட்டியை உப்ப வைக்கிற சாமான். அதை நான் ராத்திரி முழுக்கப் பாத்திரத்திலேயே போகவிட்டு, காலையில் செத்த மாவைக் கல்லில் போட்டிருக்கிறேன். இட்லி மாவு மெதுவாக வேலை செய்கிற மாவு. இது கலந்த நிமிஷமே வேலைக்கு வந்துவிடுகிற மாவு. இரண்டையும் ஒன்றாக நினைத்தது என் மடத்தனம்.

மீதி டீயை யார் குடித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. கேன்டீனுக்கு ஓடினேன். இரண்டு டம்ளர் மைதா, அரை ஸ்பூன் ஆப்பசோடா, உப்பு. முதலில் காய்ந்ததை எல்லாம் கையால் நன்றாகக் கலந்தேன். அப்புறம் புளித்த தயிர், கொஞ்சம் எண்ணெய். ரொம்ப அடித்துப் பிசையவில்லை, சேர்த்துப் பிடித்ததோடு சரி. கால் மணி நேரம் ஈரத்துணி. இந்த மாவு உருட்டுகிற கட்டையில் ஒட்டிக்கொள்ளும் என்பதால், போளிக்குத் தட்டுவது போல எண்ணெய் தடவிய வாழை இலையில் தட்டினேன். காய்ந்த கல்லில் போட்டு மேலே மூடி கவிழ்த்தேன். திறந்து பார்த்தால் அங்கங்கே கொப்புளம் கிளம்பி, உப்பி நிற்கிறது! திருப்பிப் போட்டு எடுத்தேன். கன்னியம்மா பிய்த்து வாயில் போட்டாள். அவள் வாயிலிருந்து கிண்டல் வராத நாள் அது ஒன்றுதான். "இன்னொண்ணு சுடு" என்றாள்.

வெள்ளிக்கிழமை

ட்ரையல் அன்றைக்குச் சாப்பாட்டுக்கு இன்ன நேரம் என்று கிடையாது. மெஷின் எப்போது நிற்கிறதோ அப்போதுதான் சாப்பாடு. நான் மைதாவையும் சோடாவையும் அளந்து கலந்து நான்கு அலுமினிய அன்னக்கூடையில் தனித்தனியாக வைத்தேன். தயிர் பக்கத்தில் தனியாக இருந்தது. கன்னியம்மாவை ஷெட் வாசலில் நிறுத்தினேன். மெஷின் நின்றதும் துண்டை வீச வேண்டும். அதுதான் எங்களுக்குச் சிக்னல்.

பன்னிரண்டேகாலுக்குத் துண்டு பறந்தது. முதல் கூடையில் தயிரை ஊற்றிப் பிசைந்து மூடினேன். இரண்டாவதில் கை வைப்பதற்குள் கன்னியம்மா ஓடி வந்தாள். "ஏய், நிறுத்து நிறுத்து! மறுபடியும் ஓட்டறாங்க. இன்னும் ஒரு மணி நேரம் ஆவுமாம்!"

அண்ணாச்சிக்கு முகம் வெளுத்துவிட்டது. பாவம், அவர் வேலையும் அதில்தான் இருந்தது. "எப்ப நிறுத்துவாங்கன்னு தெரியாதுல்லா. எல்லாத்தையும் கலந்து ரெடியா வச்சிரு பிள்ள. ஆபீசருங்கள காக்க வைக்கக் கூடாது" என்று அவரே தயிர் வாளியைத் தூக்கினார்.

நான் குறுக்கே போய் நின்றேன். "கலக்க மாட்டேன் அண்ணாச்சி."

"என்னது?"

"இப்பக் கலந்தா மறுபடியும் செருப்புதான் வரும். அவங்க வந்து கை கழுவட்டும், அப்பக் கலக்கறேன். கால் மணி நேரம் பருப்பு, வெங்காயம், தயிர்ப்பச்சடின்னு வச்சு உக்கார வைங்க. லேட்டாச்சுன்னா என்னை அனுப்பிடுங்க. வாளிய வச்சிடுங்க."

உள்ளுக்குள் பயம்தான். ஆறு குடும்பத்தின் வேலையை வைத்துக்கொண்டு பிடிவாதம் பிடிக்கிறேன். தப்பாகிப்போனால் ஊருக்குள் எந்த முகத்தோடு நடப்பது? அண்ணாச்சி என்னைப் பார்த்தார், கூடைகளைப் பார்த்தார். வாளியைக் கீழே வைத்துவிட்டு, வெங்காயம் நறுக்க உட்கார்ந்துவிட்டார். மேனேஜர் வெங்காயம் நறுக்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

முதல் கூடை மாவு வீணாகக் கூடாது என்று உடனே சுட்டு, வெளியே லாரியில் பெட்டி இறக்கிக்கொண்டிருந்த ஆட்களுக்குக் கொடுத்தோம். அவர்கள் எல்லாம் எங்கள் ஊர்ப்பக்கத்து ஆட்கள். தட்டைக் காலி பண்ணிவிட்டு, "நாளைக்கும் உண்டா?" என்று கேட்டார்கள். எனக்கு அங்கேயே பாதி தைரியம் வந்துவிட்டது.

ஒன்றரை மணிக்கு மெஷின் நின்றது. அவர்கள் கை கழுவுகிற சத்தம் கேட்டதும் மூன்று கூடையிலும் தயிரை ஊற்றினோம். ஆறு பெண்களும் வரிசையாக நின்றோம். இருவர் பிசைய, இருவர் தட்ட, ஒருத்தி மூட, நான் திருப்ப. கல்லிலிருந்து நேராகத் தட்டுக்குப் போனது. ஆபீசர்கள் முதலில் எடுத்தார்கள், அப்புறம் ஃபிட்டர்கள். வேன் டிரைவர் தாபாவுக்குக் கிளம்பத் தயாராக வாசலில் நின்றார். யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கடைசியில் அவரும் தட்டோடு உள்ளே வந்துவிட்டார்.

தில்பாக் சிங் ரொட்டியைப் பிய்த்தார். பிய்ந்தது! உள்ளிருந்து ஆவி வந்தது. பருப்பில் தோய்த்துச் சாப்பிட்டார். அடுத்ததை எடுத்தார். ஐந்தாவது ரொட்டியும் முடிந்தது. எழுந்தவர் நேராக அடுப்பின் முன்னால் வந்து, பையிலிருந்து ஸ்பானரை எடுத்தார். அடப்பாவி, மறுபடியுமா என்று நினைத்தேன். அவர் இன்னொரு பையிலிருந்து ஒரு கந்தல் துணியை எடுத்து, நிதானமாக ஸ்பானரைத் துடைத்து, என் கண்ணுக்கு நேரே தூக்கிக் காட்டினார்.

"சிஸ்டர், இன்னிக்குத் துணி. ரொட்டி கிடையாது."

கன்னியம்மாதான் முதலில் சிரித்தாள். எனக்குச் சிரிப்போடு அழுகையும் வந்தது. எல்லோருக்கும் முன்னால் நன்றாகவே அழுதேன்.

அப்புறம் முப்பது வருடத்துக்குக் குறையாமல் ஒரகடம், படப்பைப் பக்கம் பல கேன்டீன்களில் சமைத்தேன். புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். தயாராக இருப்பது வேறு, முடித்து வைப்பது வேறு. காய்ந்ததை அளந்து வை, கல்லைக் காய வை, இலையை நறுக்கி வை. தயிரை மட்டும் ஆள் வந்து உட்கார்ந்த பிறகு ஊற்று. யார் வந்து அவசரப்படுத்தினாலும் ஊற்றாதே, மேனேஜரே வந்தாலும் சரி.

அன்று சாயங்காலம் பாத்திரம் கவிழ்த்துவிட்டு அண்ணாச்சியிடம் போய்க் கேட்டேன். "புது மாஸ்டர் எப்ப வராரு அண்ணாச்சி? நான் வெங்காயத்துக்குப் போயிடறேன்."

அவர் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டே, "எந்த மாஸ்டரு? நாளைக்கு லாரிக்காரவுகளுக்கும் சேத்து மாவு எடுத்து வையி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் சமைத்த எந்தக் கேன்டீனுக்கும் அந்தப் புது மாஸ்டர் கடைசிவரை வரவில்லை. நான் ரிட்டையரே ஆகிவிட்டேன்.